கும்மியடித்துக் கெட்டுப்போன பயறு

பாராட்டுக்கு அலைகிற மருமகள் பயறு ஊறவைக்கக் கூடாது. நான் ஊறவைத்தேன்.

இலங்கையில் எழுபதுகளின் தொடக்கம். கடைகளில் பருப்பைக் கண்ணால் காண முடியாத காலம். மாத்தளையில் நடந்த போஷாக்கு வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போய்வந்த நான், இரத்தோட்டைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட தேயிலைத் தோட்டத்தின் ஆரோக்கியம் முழுவதையும் பொறுப்பேற்றுக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.) கல்யாணமாகி இரண்டே மாதம். "எட்டாம் வகுப்பு படிச்ச மகாராணிக்கு ரொட்டி தட்டத் தெரியல" என்று மாமியார் எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். முளைகட்டிய பயறால் அவர் வாயை அடைப்பதென்று முடிவுசெய்து, ஊறிய பயறைக் கூடையில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, லயத்து அறையான எங்கள் காம்பராவின் இருட்டு மூலையில் ஒளித்துவைத்தேன்.

அன்றைக்குத்தான் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் மாமியார் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஆத்தாளுக்கு முளைப்பாரி போட்டிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நேத்து இங்கயே கருவாடு சுட்டேனே, பாவி!"

அது அம்மனுக்கு வளர்த்ததல்ல, காலைச் சாப்பாடு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

முளைப்பாரி இருக்கிற வீட்டில் விரதம். கருவாடு போனது, முட்டை போனது, இரவுச் சாப்பாடும் போனது. என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலில் படுக்கப் போனார். குடும்பத்தின் போஷாக்கை உயர்த்த நான் தீட்டிய திட்டத்தால் குடும்பமே ஒருவேளைக் கஞ்சிக்கு வந்து சேர்ந்தது. மாலையானால் லயத்துப் பெண்கள் வந்து கூடையைச் சுற்றிக் கும்மியடித்தார்கள். நானும் அடித்தேன் (பசியோடு).

முளைப்பயறைத் தினமும் அலச வேண்டும். சாமியை யார் அலசுவது? ஆறாம் நாள் கும்மிக்கு முன் துணியை எடுத்தபோது நாற்றம் குப்பென்று அடித்தது. முளைப்பாரி அழுகினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மாமியார் தரையில் உட்கார்ந்து, "என் மகனுக்கு என்ன வரப்போகுதோ!" என்று அழ ஆரம்பித்தார். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, அழாதீங்க. அது சாமிக்குப் போட்டதில்ல. நாம திங்கிறதுக்குப் போட்டது."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப மூணு நாளா எதச் சுத்திக் கும்மியடிச்சோம்?"

"காலைச் சாப்பாட்டை, மாமி."

வேலை முடிந்து வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், "அப்ப நான் எதுக்குக் கோயில் தரையில படுத்தேன்?" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த லயம்வரை கேட்டது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி "ஏம்மா" என்று அவர் கூப்பிட, என் மகள் பிறக்க வேண்டியிருந்தது.

அந்த மகளுக்கே இன்று பேரப்பிள்ளை இருக்கிறது. ஆனாலும் நான் எதைப் பரிமாறினாலும் தட்டைத் தொடாமல் கேட்பாள்:

"அம்மா, இது சாப்பிடவா, கும்பிடவா?"