பொய்க்குப் பத்துப் புள்ளி

என் பெண்டாட்டியை பெங்களூர் ரயிலில் ஏற விடுவதில்லை என்று நான் முடிவு கட்டிய அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாலக்கரையில் எங்கள் தெரு வாய்க்காலாக ஓடியது. ஒற்றைச் செருப்பு ஒன்று வாசலைத் தாண்டி மிதந்து போனது. என் முடிவும் அதன் பின்னாலேயே போகப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். மகள் பெலிண்டா மாசமாக இருக்கிறாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் படுத்தே இருக்கணும், பயணம் ஆகாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாததால் தாய்வீடு மகளிடம் போகிறது. தாய்வீடு என்றால் தாய் மட்டும். பிள்ளை பிறந்து, தலை நின்று, குப்புற விழுந்து, தவழ்ந்து, அப்புறம்தான் அவள் திரும்புவாளாம்.

பெண்டாட்டி இருதயமேரியை அழைத்துப்போக மருமகன் பிரிட்டோ வந்திருந்தார். பெலிண்டாவுக்குத் துணையாகத் தன் தங்கையை விட்டுவிட்டு வந்திருந்தார். வந்ததுமே, நீங்களும் கிளம்புங்க மாமா என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு குடுத்த வீட்டுல போய் உக்காந்து சாப்பிடற ஆள் நான் இல்ல மாப்பிள்ளை" என்றேன். மீசையை வேறு தடவிக்கொண்டேன்.

மேரி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே டவுன் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். எதிரே லாரி வந்தால் அசர மாட்டேன். இவள் பேசாமல் பார்த்தால் மட்டும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சேஷுவைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர். என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தே ஆபீஸ் போய், ரிட்டயர் ஆகி, சிநேகிதம் ஆனவர். அவர் சம்சாரம் ஹம்ஸா மகள் பிரசவத்துக்கு என்று அமெரிக்கா போனார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பாட்டி இன்னும் ஊர் திரும்பவில்லை. சேஷு மெஸ் சாப்பாட்டை வாங்கிவந்து டிவி முன்னால் வைத்துக்கொண்டு, செய்தி வாசிக்கிற பெண்ணோடு சண்டை போடுகிறார். போன முறை போனபோது ரொம்ப வாடியிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"நேத்திக்கு அவ என்னண்ட மூஞ்சி குடுத்தே பேசலை ஓய்" என்றார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துப் போனது. அடுத்து அந்த டிவிப் பெண் என்னோடும் பேசாமல் இருக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

நானும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போவதற்கென்ன என்று கேட்பீர்கள். மீசையைத் தடவிச் சொன்ன வார்த்தையை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? அவளைத்தான் நிறுத்த வேண்டும். அதுவும் நான் நிறுத்தினது தெரியாமல்.

மழை எனக்கு உதவிக்கு வந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். வீட்டில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. போனில் நெட் கிடைக்காமல் கூண்டுப்புலி மாதிரி உலாத்திக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பையிலிருந்து ஒரு விளையாட்டை எடுத்தார். பெங்களூரில் சிநேகிதர்களோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுவாராம்.

பலகை இல்லை, காய் இல்லை. ஆளுக்கு ஒரு தாள். அதில் நாமே ஒரு ஆளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அவனுக்கு என்னென்ன கைவரும் என்று பத்துப் புள்ளியைப் பங்கு போட்டு எழுத வேண்டும். சண்டை, சுவர் ஏறுவது, பூட்டுத் திறப்பது, பொய் சொல்வது, காட்டில் பிழைப்பது என்று வரிசையாக இருந்தது. பிரிட்டோ கதை சொல்வார். எதிரே காவல்காரன் நிக்கிறான், என்ன செய்யறீங்க என்பார். நாம் செய்வதைச் சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டணும். விழுந்ததோடு நம் புள்ளியைக் கூட்டிப் பார்த்து, பலித்ததா இல்லையா என்று அவர் சொல்வார்.

நான் சவரி ராஜா என்று ஒருவனை உண்டாக்கி, பத்தையும் பொய்யில் போட்டேன்.

"மாமா, சண்டைக்குக் கொஞ்சம் வச்சுக்கங்க."

"பொய் நல்லா வந்தா சண்டையே வராது மாப்பிள்ளை. கல்யாணம் ஆனவன் சொல்றேன், கேட்டுக்கங்க."

மேரி ஒரு மருத்துவச்சியை உண்டாக்கினாள். அவளும் பத்தையும் ஒரே இடத்தில் போட்டாள். ஆள் மனசைப் படிக்கிறது.

"வேற எதுவும் வேணாமா அத்தை?"

"இது ஒண்ணு இருந்தாப் போதும் மாப்பிள்ளை. மத்ததையெல்லாம் அவங்களே செஞ்சு குடுத்துருவாங்க."

ஒருவர் பொய் சொன்னால் மற்றவர் மனசைப் படிக்கலாம், இரண்டு பேரும் உருட்டணும், யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சவரி ராஜா கூட்டத்தின் கடைசி ரொட்டியைத் தின்றுவிட்டு எலி மேல் பழி போட்டார். மருத்துவச்சி உருட்டினாள். எலிக்கு ராஜா மாதிரி மீசை இருக்கும்போல, அதில் துணுக்கு ஒட்டியிருக்கு என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை என் திட்டத்தைத் தொடங்கினேன். மேரி கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்தேன்.

"மேரி, தலை சுத்துது. கண்ணை இருட்டுது."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "மாப்பிள்ளை, அந்தப் பகடையை இப்படித் தாங்க" என்றாள். தரையில் உருட்டினாள். குனிந்து பார்த்தாள். "சுத்தல" என்றாள். பீன்ஸைத் தொடர்ந்தாள்.

அடுத்தது சமையலறை. சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுஷனைத் தனியாக விட்டுப் போக எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் போய் மழையைப் பார்த்தேன். பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. மேரி ஓடிவந்து அணைத்தாள். திட்டவில்லை. பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம், நான் போனா பட்டினி கிடந்தே செத்துருவாரு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். குரல் கம்மியது. எனக்கு உள்ளுக்குள் விசில் அடித்தது. அப்புறம் இரண்டு பேரும் பின்கட்டில் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். பயணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய ஆட்டத்தில் மருத்துவச்சியை ஒரு ராணியின் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சவரி ராஜா காட்டில் தனி ஆள்.

"காட்டுல பிழைக்கறதுக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க மாமா?"

"ஒண்ணுமில்ல."

உருட்டினேன். ராஜா பக்கத்தில் அரிசி மூட்டை இருக்கிறது, ஓடையில் தண்ணீர் இருக்கிறது. உலை வைக்கத் தெரியவில்லை. மரத்தடியில் மயங்கி விழுந்தார். நரி வந்து மோந்து பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கு என்று போய்விட்டதாம். அந்த நரி மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என்ன இருந்தாலும் நான் பெற்ற ராஜா.

அப்போது பிரிட்டோ ஒரு விதி சொன்னார். நாம் வீட்டில் ஒரு வேலையைக் கையால் செய்து காட்டினால் நம் ஆளுக்கும் அதில் ஒரு புள்ளி ஏறும். அப்படியா என்று கேட்டேன். அப்படித்தான் மாமா என்றார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மின்விசிறியில் பார்க்க என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் சமையலறைக்குப் போனபோது மேரி ஏற்கெனவே புளியை ஊறப் போட்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்று சொல்ல, நான் கரைத்தேன். தக்காளியைப் பிசைந்தேன். மிளகு சீரகத்தை நுணுக்கினேன். பூண்டை எடுத்தேன்.

"பூண்டு வேணாம்."

"நம்ம வீட்டு ரசத்துல பூண்டு இல்லாமலா?"

"சொன்னதைச் செய்யுங்க. புள்ளி வேணுமா, வேணாமா?"

புள்ளி வேணும். ரசம் நுரை கட்டியதும் இறக்கினேன். மாப்பிள்ளை குடித்துப் பார்த்துத் தாளில் ஏற்றினார். ராஜா கண் விழித்தார். அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. சோறு வடித்தேன், புள்ளி. கீரை மசித்தேன், புள்ளி. துவையல் அரைத்தேன், புள்ளி. எல்லாம் பூண்டு இல்லாமல். வழியில் வருகிற சந்நியாசிக்குச் சோறு போடுகிற அளவுக்கு ராஜா காட்டில் செழித்துவிட்டார். எதற்காகப் பாலைக் கருக விட்டேன் என்பதையே மறந்துபோனேன்.

மழை விட்டது. ரயில் ஓடத் தொடங்கியது. மேரி புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, தனியா இருந்துருவீங்களா?"

எனக்குக் கிடைத்த கடைசி ஸ்டாப் அது. அங்கே நான் இறங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வேறு பக்கத்தில் நின்றார்.

"ஜம்முனு இருப்பேன்" என்றேன்.

பகடை அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் மேஜை மேல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. அடுத்த புடவையை மடித்தாள்.

ஜங்ஷனில் ரயில் கிளம்பக் காத்திருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தாள்.

"அந்தப் புள்ளி ஏத்தற விதியெல்லாம் ஆட்டத்துல கிடையாது. நான்தான் மாப்பிள்ளையைச் சொல்லச் சொன்னேன்."

நான் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தேன்.

"நானும் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேங்க. தலை சுத்துச்சு. பால் கருகுச்சு. அது மட்டும் வரல. உங்களைப் பட்டினி போட்டுட்டா போக முடியும்?"

"ஜம்முனு இருப்பேன்னு சொன்னது பொய் மேரி."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே பகடையைப் போட்டிருக்கலாமே."

"போட்டா நான் ரயில் ஏறியிருக்க மாட்டேன். அங்க என் பொண்ணு படுத்துக் கிடக்கா."

ரயில் நகர்ந்தது. கம்பியிலிருந்து ஒரு கை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் தண்டவாளம்தான் தெரிந்தது.

மறுநாள் வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. கொடியில் என் வேட்டி மட்டும் தொங்கியது. மத்தியானம் பசி இல்லை. ஆனால் கை பழகிவிட்டது, புளியைக் கரைத்தேன். ரசம் நுரை கட்டும்போது வாசல் கதவைத் தட்டினார்கள். ரயில் மறுபடி ரத்தோ என்று ஓடினேன். சேஷு நின்றார். ஒரு கையில் குடை, ஒரு கையில் தட்டு.

"உம்ம ஆத்துக்காரி போன் பண்ணினா ஓய். இனிமே மத்தியானம் இங்கதான்னு கண்டிப்பா சொல்லிட்டா. மெஸ்காரன்கிட்டே வேண்டாம்னுட்டேன்."

உள்ளே வந்தார். டிவிக்கு எதிரே என் நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தி நேரம், போடும் என்றார். அந்தப் பெண் வந்தாள். இரண்டு பேரையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

நான் ரசத்தை ஊற்றினேன். சேஷு குனிந்து மோந்து பார்த்தார்.

"நாங்க சேர்க்கறதில்லைன்னு உம்மகிட்டே முன்னாடியே சொல்லி வச்சிருக்கறதா உம்ம ஆத்துக்காரி சொன்னாளே. பூண்டு போடலியே?"