ரெண்டு ஊசிக்குப் பிறகும் ரெண்டு கோடு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததற்காக எழுதும் நலம் அல்ல இது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த அசல் நலம். போனில் நன்றி சொல்ல வாயெடுத்தாலே, "சரி சரி, மருந்து சாப்பிட்டாங்களா, அதைச் சொல்லுங்க" என்று வெட்டிவிடுகிறீர்கள். தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் குறுக்கே பேசினால் நான் எங்கே வாய் திறப்பது? கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் பேனாவை எடுத்தேன்.

கொரோனாவுக்குப் போட்ட முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததும், "ரெண்டாவது வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாக்காரியை விட்டுடுங்க" என்று இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது தங்களுக்கு நினைவிருக்கும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரான எனக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவரின் பிடிவாதம் பழகிப்போன விஷயம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். தாங்கள்தான் ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். ஊசி என்ற பேச்சையே எடுக்கவில்லை. "அவசரமில்லை, நீங்க மனசு மாறுற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாத்திரங்களை வேறு மாதிரி அடுக்க ஆரம்பித்தீர்கள். மதியத்துக்குள் இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "அந்தம்மா முழு அலமாரியையும் மாத்துறதுக்குள்ள போய்ப் போட்டுட்டு வந்துடலாம்" என்று என் காதில் சொன்னாள். இதைத் தங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பேனா எழுதிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

ரெண்டு ஊசியும் ஏறின பிறகு எனக்குத் தலை கால் புரியவில்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கார் கண்ணாடியில் மாட்டிவிட்டேன். அப்போதுதான் ஒரு வங்கிக் காசாளர் அம்மா வண்டி ஓட்டப் பழக வந்தாங்க. ஹார்ன் சத்தமே ஆகாதாம், அதனால் ஜன்னல் எல்லாத்தையும் மூடணும். சரின்னு மூடினோம். ரவுண்டானாவில் பாதி திரும்பும்போது அந்தம்மாவுக்கு ஒரு தும்மல். மரியாதை தெரிஞ்சவங்க, ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் வாயை மூடினாங்க. நான் பாய்ஞ்சு பிடிச்சேன். ஸ்டியரிங்கை அவங்க கிட்டக் கொடுத்தேன், மறுபடி தும்மல், மறுபடி பாய்ச்சல். "தூசி அலர்ஜி மாஸ்டர்"னாங்க. வண்டியைக் காப்பாத்திட்டேன், என்னைக் காப்பாத்திக்கத்தான் தோணலை.

தொண்டை கரகரன்னு ஆனதும் ஃபேன் காத்துன்னு சொல்லிப் பார்த்தேன். மகள் வாங்கி வெச்சிருந்த டெஸ்ட் கிட்டைப் பிரிச்சு, கூச்சமா இருக்குன்னு குச்சியை மூக்கு நுனியில ஒட்டியும் ஒட்டாம தடவி எடுத்தேன். ரெண்டு கோடு வந்தாத்தானே நோய், எனக்கு ஒரே ஒரு கோடு! "பாஸ்!"னு கத்திட்டு, சாயங்காலம் முழுக்க இவ பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்தேன். மறுநாள் பெருமையா உங்களுக்குப் போன் பண்ணினா, நீங்க என் இருமலைத்தான் கேட்டீங்க, பெருமையைக் கேக்கலை. "ஒரு தடவை ஒரு கோடு வந்தா ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது சம்பந்தி. இருமல் இருக்குல்ல? தனி ரூமுக்குப் போங்க, மறுபடி பண்ணுங்க. குச்சியை உள்ள விட்டுச் சுத்துங்க, மூக்குக்கு முத்தம் குடுக்காதீங்க." சுத்தினேன். கண்ணுல தண்ணி வந்தது, கூடவே ரெண்டாவது கோடும் வந்தது.

அன்னைக்கு உங்ககிட்ட நான் குதிச்ச குதி இருக்கே! "ரெண்டு ஊசி போட்டதுக்கு ரெண்டு கோடா? ஊசிக்கு ஒண்ணா?"ன்னு கேட்டேன். நீங்க கோபமே படலை. "காருல ஏறினதும் எல்லாரையும் சீட் பெல்ட் போடச் சொல்றீங்களே, போட்டுட்டா எவனும் வந்து இடிக்க மாட்டானா?"ன்னு மட்டும் கேட்டீங்க.

எனக்கு என்னவோ ஜலதோஷம் மாதிரிதான் போச்சு. ஆனா நான் டிவி பார்த்த புண்ணியத்துல இவளுக்கும் வந்துடுச்சு. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கருவியில எண் இறங்குது, "பேட்டரி போயிருக்கும்"கிறா. நீங்க போன்ல, "கருவி கிடக்கட்டும், அவங்களை ஒரு வாக்கியம் முழுசா பேசச் சொல்லுங்க"ன்னீங்க. "எனக்கு... ஒண்ணும்..." அதுக்கு மேல வரலை. என்னைத் திட்ட ஆரம்பிச்சா மூச்சே விடாத மனுஷி, சம்பந்தியம்மா. "பையைத் தேடாதீங்க, கிளம்புங்க"ன்னு நீங்க கத்தினதுதான் காதுல இருக்கு. இவளைப் பின் சீட்டுல படுக்க வெச்சுட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, வண்டி ஏன் கிளம்பலைன்னு தவிக்கிறேன்; பார்த்தா பழக்கதோஷத்துல மாஸ்டர் சீட்டுல உட்கார்ந்திருக்கேன், ஸ்டியரிங்கு முன்னாடி ஆளே இல்லை! அந்த நிலைமையிலயும் பின்னாலிருந்து இவ, "இறங்கி... மாறுங்க"ங்கிறா. பின்பக்கம் பெரிய எல் போர்டு இருந்ததால ரோட்டுல ஒவ்வொருத்தரும் உயிருக்குப் பயந்து ஒதுங்கினாங்க. ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி வழி கிடைக்காது.

ஆஸ்பத்திரி வாசல்ல சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விகள்ல ஒண்ணு, "ஊசி போட்டிருக்காங்களா?" ரெண்டும்னு சொன்னேன். "நல்லது"ன்னு உள்ளே கொண்டுபோனாங்க. எனக்கும் நோய் இருந்ததால என்னை உள்ளே விடலை. கார் நிறுத்துற இடத்துலயே கிடந்தேன். ஆக்சிஜன் வெச்சிருந்த நாள் முழுக்க, எதுவும் செய்ய முடியாம முன்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். துடைச்சது கண்ணாடியை மட்டும் இல்லை, அதை உங்களுக்கு மட்டும் சொல்றேன். நீங்க போன்ல பக்கத்துலயே இருந்தீங்க. "சாப்பிட்டீங்களா"ன்னு நீங்க கேட்டது அன்னைக்குத்தான் அதட்டல் மாதிரி இல்லை.

வீட்டுக்கு அனுப்பறப்ப அந்த டாக்டரம்மா கிட்ட, "ஊசி போடாம இருந்திருந்தா?"ன்னு கேட்டேன். "ஒரு ஆளை வெச்சு அதைச் சொல்ல முடியாது சார். ஆனா இதே வயசு, இதே ஆஸ்துமா, ஊசி போடாம வந்தவங்களை இந்த வார்டுல பார்த்திருக்கேன். நீங்க சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. எனக்கு உங்க பெட்டியும் எங்க அலமாரியும்தான் ஞாபகம் வந்தது.

இதோட சும்மா இருந்திருக்கலாம். ஊசியும் போட்டாச்சு, நோயும் வந்து போயாச்சு, எதிர்ப்பு சக்தி எவ்வளவு தேறியிருக்குன்னு பார்த்துடலாம்னு ரெண்டு பேரும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தோம். எனக்கு நல்ல பெரிய எண். இவளுக்கு அதைவிடப் பெரிய எண். "என்கிட்ட எதுலதான் ஜெயிச்சிருக்கீங்க?"ன்னு இவ நடக்கிற நடையே மாறிப்போச்சு. இதைக் காட்டி அடுத்த ஊசியிலிருந்து தப்பிச்சுக்கலாமான்னு லேப்ல விசாரிச்சேன். "இது மார்க் ஷீட் இல்லை சார். எவ்வளவு இருந்தா போதும், எத்தனை நாள் நிக்கும்னு யாரும் எழுதித் தர முடியாது. நாளாக ஆகக் குறையும். டாக்டர் சொல்ற நேரத்துல அடுத்ததைப் போட்டுக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ஆகவே, சம்பந்தியம்மா, இன்று காலை இவள் என்னை நிறுத்தாமல் கால் மணி நேரம் திட்டினாள். அந்தச் சத்தத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் தாங்கள். இனி தாங்கள் சொல்வதற்கு மறுபேச்சுப் பேச மாட்டேன். நில் என்றால் நிற்பேன், வா என்றால் வருவேன், இது உறுதி. தங்கள் கையும் வாக்கும் நீண்ட காலம் ஓங்கி இருக்கட்டும். இவளும் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பாத்திரங்கள் தாங்கள் அடுக்கிய மாதிரியே இருக்கின்றன என்றும் சொல்லச் சொன்னாள்.

என்றும் நன்றி மறவாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். உங்களுக்கே ரெண்டு கோடாமே! தனியா இருக்கிற மனுஷி, எங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு அவரையும் கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்க. ஊரையெல்லாம் ஊசிக்கு அனுப்பிட்டு, உங்க அடுத்த ஊசியை மட்டும் "அப்புறம், அப்புறம்"னு தள்ளிட்டே வந்தீங்களாம். "யாரும் வரக் கூடாது, இது உத்தரவு"ன்னீங்களாம். மறுபேச்சுப் பேச மாட்டேன்னு மேலே எழுதினதை அடிச்சுட்டதா வெச்சுக்கோங்க. இவ ஏற்கெனவே கார்ல ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறா. வீட்டுக்குள்ள வர மாட்டோம். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளிட்டு, உங்க ஜன்னலுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கிட்டு இருப்போம், நீங்க தேறுற வரைக்கும். எங்களைத் திட்டணும்னா ஜன்னலைத் திறந்து நல்லா சத்தமாத் திட்டுங்க. கேட்டுக்கிட்டே இருப்போம்.