கீழ்வீட்டு சார் பத்து நிமிடம் கதவு திறவாக் காதை

வாழ்க கீழ்வீட்டு சார்! துவைக்காமல் துள்ளும் சலவை இயந்திரங்களை வாங்கித் தொலைத்தோர் பொழியும் வசைமாரியை, 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்னும் ஒற்றைக் கேடயத்தால் தாங்கி, நிறுவனத்தின் மானம் காத்த மடிக்கணினி மன்னவர் வாழ்க! நான்கு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், கம்பியில்லா ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியே அரியணையாக, ஆறிப்போன காப்பியே அருமருந்தாக வீற்றிருந்த அவ்வேந்தர் புரிந்த பெரும்போரை இனி உரைப்போம். அவசர வேலை உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

போரின் மூலம் ஒரு மின்னஞ்சல். வீடா, அலுவலகமா, இரண்டும் கலந்தா, ஒன்றைத் தேர்ந்து சொல்க என்று அலுவலகம் முரசறைந்தது. மன்னவர் மனத்துள் தராசு தூக்கினார். ஒரு தட்டில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் அடுத்தவர் அக்குளின் கீழ் நின்று பஸ்ஸில் போய்வரும் அருந்தவத்தை வைத்தார். மறுதட்டில் மதியம் கால்மணி நேரத் தூக்கத்தை வைத்தார். தூக்கம் வென்றது. நிரந்தரமாக வீடே என்று எழுதி அனுப்பினார். அந்தக் கால்மணி நேரத்துக்காக அவர் உயிரையும் விடுவார், அது அவர் மனைவிக்கும் தெரியும்.

ஆனால் அவருக்கு ஒரு பகை இருந்தது. அது அழைப்புமணி. மேல்மாடிகளில் வாழ்வோர் அனைவரும் பொழுது விடிந்ததும் வேலைக்குப் பறந்துவிட, அவர்கள் வரவழைக்கும் பொருள்கள் யாவும், "கீழ்வீட்டு சார் வீட்லதானே இருக்கார், அவர்கிட்ட குடுத்துடுங்க" என்னும் மந்திரத்தால் இவர் வாசலில் வந்து இறங்கின. குடை வாங்கினார், குக்கர் வாங்கினார், ஒருமுறை உயிருள்ள மீன்களோடு ஒரு தொட்டியையே வாங்கி இரண்டு நாள் இரையும் போட்டார். மறுக்கத் தெரியாத மனிதர், பாவம்.

இதையறிந்த மேலாளர் அம்மையார், கணினித் திரையில் தோன்றிச் சூளுரைத்தார்: "போன மாசம் பதினோரு மீட்டிங் சார், அதுல எட்டுல உங்களைவிட உங்க வீட்டு பெல்தான் அதிகம் பேசுச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் பேசுவோம். தொந்தரவு இல்லேன்னா நிரந்தரமா வீட்லயே இருங்க. இருந்துச்சுன்னா, வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ்தான்."

போர்நாள் புலர்ந்தது. பல் மருத்துவமனைக்கு வேலைக்குக் கிளம்பிய மனைவி, "பேசாம வாசல்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க" என்று வியூகம் வகுத்துத் தந்து செருப்பு மாட்டினாள். மன்னவர் முக்காலி மேலேறி, அழைப்புமணியின் வயிற்றைத் திறந்து, மின்கலமிரண்டையும் பிடுங்கிச் சட்டைப்பையில் சிறைவைத்தார். பின்பு தாளெடுத்தார். இங்கேதான் அவரை விதி வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் புகார்களுக்கே பதிலெழுதிப் பழகிய அந்தக் கை, மன்னவரைக் கேளாமலே எழுதியது: 'அழைப்புமணி பழுது. கதவைத் தட்ட வேண்டாம். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். மாற்று வழியைப் பயன்படுத்தவும்.' எழுதியதை அவர் படித்தும் பார்க்கவில்லை. கதவில் ஒட்டிவிட்டு, காதிரண்டையும் பெரிய ஹெட்போனால் பூட்டிக்கொண்டு அமர்ந்தார்.

மணி பதினொன்று. அம்மையார் திரையில் எழுந்தருளினார். மன்னவர் வாய் திறந்தார். வீட்டின் அமைதியைப் பாடினார், அமைதியால் பெருகும் உழைப்பைப் பாடினார், அலுவலகத்தில் யாரோ எந்நேரமும் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டும் கொடுமையைப் பாடினார். மணி ஒலிக்கவில்லை, கதவு அதிரவில்லை, ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறாம் நிமிடம் அவர் முதுகுக்குப் பின்னே, ஜன்னல் வழியே, ஓசையின்றி ஒரு பெட்டி உள்ளே வந்தது. அதன்மேல் இன்னொரு பெட்டி. அதன்மேல் சுருட்டிய பாய்விரிப்பு. அம்மையாரின் வாய் மெல்லத் திறந்தது. தம் சொல்வன்மையில் அவர் சொக்கிப்போனதாக எண்ணிய மன்னவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

எட்டாம் நிமிடம். இரண்டாம் மாடிக்குரிய திரைச்சீலைக் கம்பியொன்று, ஏழடி நீளம், பகைவர் ஈட்டி போல அவர் இடக்காதை ஒட்டி மெதுவாக நீண்டுவந்து மேசைமேல் படுத்தது. ஒன்பதாம் நிமிடம், அவர் வலத்தோளுக்கருகே ஒரு கை முளைத்தது. அக்கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. ஆயிரம் முறை செய்த செயலை உடல் மறக்குமா? திரையிலிருந்து விழியெடாமல், பேச்சில் கால்புள்ளியும் இடாமல், "ஒரு தொந்தரவும் கிடையாது மேடம், நான் உண்டு என் வேலை உண்டு" என்று முழங்கியவாறே மன்னவர் கையெழுத்திட்டார். கை மறைந்தது.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெல் அடிக்கல சார், ஒத்துக்கறேன். இப்ப எதுல கையெழுத்து போட்டீங்க?"

மன்னவர் தம் வலக்கையைப் பார்த்தார். காதருகே நீண்டிருந்த கம்பியைப் பார்த்தார். திரும்பி, தம் தலைக்குமேல் உயர்ந்து நின்ற அட்டைப்பெட்டிக் கோட்டையைப் பார்த்தார். "அது வந்து மேடம்..." என்றார். கால்மணி நேரத் தூக்கம் கைநழுவிப் போயிற்று.

"திங்கட்கிழமை வந்துடுங்க. எல்லா சீட்டும் போயிடுச்சு, வாசல்கிட்ட ஒண்ணுதான் காலி. அங்க பார்சல் வாங்கி வைக்கத்தான் ஆளில்லாம ரொம்ப நாளா கஷ்டப்படறோம்" என்று தீர்ப்புரைத்து, அம்மையார் திரையினின்று மறைந்தருளினார்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அவர் ஏழு பார்சல் வாங்கி வைத்தார்.