மாமனாரின் முதல் பத்தி

"இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அறிமுகம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேவையில்லை என்றால் உட்கார வேண்டியதுதானே? பண்பாளர், பாசத்தின் இருப்பிடம், எளிமையின் சிகரம் என்று அடுக்குவார்கள். அந்தச் சிகரம் தலையைக் குனிந்தபடி, எதையாவது விட்டுவிட்டார்களா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கோபம்தான் என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தன்று ஆழ்வார்பேட்டை மண்டபத்து வாசலில் என்னைப் பசியோடு நிறுத்தியது. (கோபம் இன்னும் போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பகலில் ராயப்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மற்ற நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் சண்டை. எழுதத்தான் போனேன். ஆனால் அங்கே எழுத்து கொஞ்சம், சண்டை நிறைய. அதிலும் கட்டுரையின் முன்னுரைக்கு வரும் சண்டை தனி ரகம். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் பத்தியோடு கிளம்பிவிடுவார்கள். அதனால், உள்ளே என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாதவர்கள்கூட முன்னுரையில் ஒரு சொல்லுக்காகச் சட்டையைப் பிடிப்பார்கள்.

நான் சட்டையைப் பிடித்தது வடகறிக்காக. 'மீந்துபோன வடையை உதிர்த்துச் செய்யும் வழக்கம் உண்டு' என்று அந்தக் கட்டுரையின் முன்னுரையில் எழுதினேன். நீக்கினார்கள். திரும்பப் போட்டேன். திரும்ப நீக்கினார்கள். உரையாடல் பக்கத்தில் சைதாப்பேட்டைக்காரர் ஒருவர், "இன்னா நைனா, எங்க ஊர் வடகறின்னா உனுக்கு அவ்ளோ இளப்பமா பூட்ச்சா?" என்று கேட்டார். நான் விதிகளை எடுத்து வீசினேன். முன்னுரை என்பது கட்டுரையின் சுருக்கம். முதல் வாக்கியத்திலேயே அது என்ன, எதற்காகப் பேசப்படுகிறது என்பது வந்துவிட வேண்டும். புகழ்ச்சி கூடாது. நம்பத்தகுந்த மூலங்கள் எதைப் பற்றி அதிகம் பேசுகின்றனவோ, அதற்கு முன்னுரையிலும் அதே அளவுக்கு இடம். சர்ச்சை இருந்தால் ஒளிக்கக் கூடாது. உள்ளே பத்தி பத்தியாக மீந்த வடை இருக்க, வாசலில் மட்டும் அதை மறைத்தால் அது கட்டுரையா, விளம்பரமா? மாதக்கணக்கில் கத்தினேன். கடைசியில் எல்லோரும் சலித்துப்போய் விட்டுக்கொடுத்தார்கள். (அங்கே இதற்குப் பெயர் கருத்தொருமிப்பு.)

அப்படி ஜெயித்துக் கர்வத்தோடு உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் என் மனைவி கோமதி வந்து, "அப்பாவை மேடையில நீங்கதான் அறிமுகப்படுத்தணும். நல்லதா நாலு வார்த்தை, போதும்," என்றாள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம்.

மாமனாருக்குத் தி.நகரில் பட்டுப் புடவைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தம்பியோடு வந்து ஆரம்பித்த கடை. அந்தத் தம்பியோடு, அதாவது என் சின்ன மாமனாரோடு, பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிவிட்டது. விழாவுக்கு வருவதாக அவர் ஒப்புக்கொண்டதே கோமதி நடையாய் நடந்து கெஞ்சியதால்தான். "சித்தப்பா வந்து, பந்தியில உக்காந்து, ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்ங்க. மீதியை நான் பாத்துக்குவேன்," என்று தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் மூலங்களைத் திரட்டக் கிளம்பினேன். மாமியார், அத்தைகள், கடை கேஷியர் என்று ஒருவர் விடாமல் கேட்டேன். "தங்கமான மனுஷன்" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நைட்டி விஷயத்துக்கு வந்தார்கள். தம்பி அந்தப் பட்டுக் கடையிலேயே நைட்டியும் விற்க ஆரம்பித்திருக்கிறார். ஓகோவென்று போயிருக்கிறது. முன்பக்க ஷோகேஸிலும் நைட்டியைத் தொங்கவிட்டார். அண்ணன் அதைக் கழற்றித் தெருவில் வீசினார். கடைக்கு நடுவில் சுவர் எழும்பியது. தங்கமான மனுஷனுக்கு ஒரு நிமிஷம் என்றால் நைட்டிக்கு ஒரு மணி நேரம். அத்தை ஒருத்தி எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள். எதற்கு எவ்வளவு இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாலையும் கழுத்துமாக மாமனாரும் மாமியாரும். சின்ன மாமனார் கடைசி வரிசையில், எந்த நிமிஷமும் எழுந்து போகத் தோதாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"இவர் தி.நகரைச் சேர்ந்த புடவை வியாபாரி. கடை ஷோகேஸில் நைட்டி தொங்கவிடுவது தொடர்பாகத் தம்பியுடன் எழுந்த சர்ச்சைக்காகவும், அதன் விளைவாகக் கட்டப்பட்ட சுவருக்காகவும் உறவினர்களிடையே பரவலாக அறியப்படுகிறார்."

மைக் செட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "இன்னா சார் இது, கட் பண்ணிடட்டா?" என்றார். கோமதியின் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காபி போட்டுக் கொடுத்த அந்த அத்தை, "ஐயய்யோ, இதையெல்லாம் இவர்ட்ட யாரு சொன்னது?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுப்படியில் ஒரு மணி நேரம் ஓடுகிற கதை மைக்கில் ஒரு வரி வந்தால் பாவமா? இத்தனை மூலங்களும் என் கண்ணெதிரே ஒரே நேரத்தில் பல்டி அடித்தன.

சின்ன மாமனார் எழுந்தார். தடுக்க ஓடிய கோமதியை விலக்கிவிட்டு, நேராக மேடைக்கு வந்தார்.

"மாப்ளே, பாதியைச் சொன்னா எப்படி? யாவாரத்துல பாதி நைட்டி. அப்போ ஷோகேஸ்ல பாதி நைட்டி தொங்குறதுல என்ன தப்பு? அதைச் சொன்னியளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே எவ்வளவோ, வாசலிலும் அவ்வளவு! அந்த மண்டபத்தில் என் கட்சியில் இருந்த ஒரே ஆள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மாலையோடு மாமனார் எழுந்தார். "ஏலே, பட்டுக் கடைக்கு மூஞ்சி பட்டுதாம்லே! உள்ள ஆயிரம் இருக்கும். வர்றவங்க கண்ணுல மொதல்ல எது படணும்?"

"அதை நீ ஒருத்தன் முடிவு பண்ணுவியோ? ரெண்டு பேரு கடைதான அண்ணே?"

மாமியார் மணையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை 'ஏலே'. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. சண்டை மேடையிலிருந்து இறங்கிப் பந்திக்குப் போயிற்று. பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் கத்தினார்கள். மோர் வரும்போது கருத்தொருமிப்பு ஏற்பட்டது.

"இந்தப் பயலுக்கு யாருலே மைக்கைக் குடுத்தது?" என்றார் மாமனார்.

"அதானே!" என்றார் தம்பி.

என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் கோமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சித்தப்பா சாப்பிட்டாரு. அதுக்காக உங்களைச் சும்மா விட்டுட்டேன். அதுக்காக மட்டும்."

சுவரில் இப்போது ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். தினமும் அதன் வழியாக ஒருவர் கடைக்கு இன்னொருவர் போய் ஷோகேஸைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எனக்கு ஒரு நன்றி? மூச்! வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாமனார் என்னைக் காட்டி, "இவரு எங்க மாப்பிள்ளை. மைக்கைக் குடுத்துராதிய," என்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருசுருவென்று ஏறுகிறது. மறுத்துப் பேச வாயைத் திறக்கிறேன். ஆனால் நான் யார் என்பது அதில் இருக்கிறது. எதற்காக அறியப்படுகிறேன் என்பது இருக்கிறது. புகழ்ச்சி ஒரு சொல் இல்லை. சான்றுக்கு விழா வீடியோ இருக்கிறது. அந்த முன்னுரையில் திருத்துவதற்கு இத்தனை வருஷமாக எனக்கு ஓர் எழுத்துகூட அகப்படவில்லை.