ரோபோவின் கண்ணுக்குச் சந்தனக் காப்பு

இருபத்தோராம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது என்று சொல்பவர்கள் திருத்தணிப் பக்கம் வந்ததில்லை. அது சித்தூர் சாலையில், முன்பு அரிசி ஆலையாக இருந்த எங்கள் கொட்டகையில்தான் பிறந்தது. 2003-ல் அங்கே ஒரு ரோபோ வந்து இறங்கியது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழையைப் பிடித்து, கடுகளவு மின்னணுச் சில்லில் ஒளி வரும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோய், பசை வைத்து ஒட்டுவது அதன் தொழில். நேர் பார்ப்பதற்கு அதற்கு ஒரே ஒரு கண், காமிரா.

அதை இயக்கியவள் பள்ளிப்பட்டு கயல்விழி. டிப்ளமா படித்தவள், தற்காலிக ஊழியர். தீபாவளிக்குள் சரக்கு போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் பள்ளிப்பட்டு பஸ்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மேலாளர் வேதாசலம் அறிவியலையும் ஆன்மிகத்தையும் ஒரே கிண்ணத்தில் குழைத்தவர். மலைக்கோயில் சந்தனத்தோடு நேராக ரோபோவின் கண்ணுக்குப் போனார்.

"அங்க வாணாம் சார். அது காமிரா, மறைஞ்சிடும்" என்றாள் கயல்விழி.

"நம்ம முருகனுக்குப் பன்னண்டு கண்ணும்மா. எம்மாம் சந்தனம் சாத்தறாங்க! அவருக்கு ஊரு ஒலகம் தெரியாமயா பூடுச்சி?"

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. நிர்வாக அதிகாரி என்ற முறையில் நான்தான் முதலில் கைதட்டினேன்.

பூஜை முடிந்து ரோபோ வேலைக்கு வந்தது. இழையை எடுத்தது, காற்றில் துழாவியது, பசையைத் தன் முழங்கையிலேயே வைத்துக்கொண்டது. பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிட்டது.

உடனே "உயர்நிலை ஆய்வுக் குழு" கூடியது. சந்தனம் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. மேலாளர் தம் கையால் வைத்ததாயிற்றே!

"ரயிலு அதிர்வுங்க" என்றார் கணக்கர் ஜெகநாதன். "அரக்கோணம் வண்டி போறப்பல்லாம் மிசினு மெரளுது."

"வண்டி வராதப்பவும் மெரளுதே நைனா?" என்றார் மேலாளர்.

"வரப்போவுதேன்னு மெரளுதுங்க."

குழு ஒருமனதாக ஏற்றது. வண்டிகளை மெதுவாக ஓட்டும்படி ரயில்வேக்கு வேண்டுகோள் போனது. ரோபோவைக் கிழக்கு முகமாகத் திருப்பி, எலுமிச்சம்பழம் கட்டினோம். அது தடவித் தடவிப் பழத்துக்குப் பசை வைத்தது. "முன்னேற்றம் தெரிகிறது" என்று குறித்துக்கொண்டோம்.

தீபாவளி நெருங்க நெருங்க, கயல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்படுவது என் பணி விதிகளில் இல்லை. ஒருநாள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஈரத் துணியால் அந்தக் கண்ணைத் துடைத்தாள். ரோபோ இழையை எடுத்தது, நேர் பார்த்தது, ஒட்டியது. தீபாவளிக்கு முன்பே சரக்கு கிளம்பிவிட்டது.

மேலாளர் கண்கலங்கினார். "சந்தனம் லேட்டாத்தான் வேலை செய்யும். ஆனா செஞ்சிது பாத்தியா!"

அடுத்த வேலையாக, மேலாளர் சாத்திய பிரசாதத்தை அனுமதியின்றி அகற்றிய குற்றத்துக்கு விசாரணை. நடத்தியவன் நான்.

"தொடச்சியா?"

"ஆங், தொடச்சேன். தொடச்சதாலதான சார் ஓடுது?"

"ஓடறது வேற விஷயம்மா."

வேலைநீக்க உத்தரவை வாங்கிக்கொண்டு கயல்விழி சொன்னாள்: "அந்த மிசினு கண்ணு தெரியலன்னா நின்னுடுது சார். நீங்கள்லாம்தான் நிக்காம ஓடிகினே கீறீங்க."

நிர்வாகத்தின் ஓயாத உழைப்புக்கு ஊழியர் ஒருவர் மனமுவந்து தந்த பாராட்டு என்று மேலாளர் இதை ஏற்றுக்கொண்டார். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், அதற்கும் அவரே சந்தனம் வைத்தார்.