ராஜா வேணுமா என்று கேட்ட ஏட்டு

உலகத்தில் எந்தப் போலீஸ்காரரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டே பாதி லாரிக்காரர்களைக் கதிகலங்க வைத்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ராஜா ஏட்டு ஒருவர்தான். அவர் நிஜப் பெயர் என்னவோ. சட்டையில் குத்தியிருந்திருப்பார், யார் படித்தார்கள்? பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற ரோட்டில், திருவேற்காட்டுக்குப் பிரிகிற கூட்டுரோட்டில், எண்பதுகளின் கடைசியில் வந்து நின்றவர், தொண்ணூறுகளில் பாதி போகும்வரை நகரவில்லை. கை காட்டி வண்டியை நிறுத்துவார். லைசென்ஸ் கேட்க மாட்டார், ஆர்.சி. புக் கேட்க மாட்டார். டிரைவர் பக்கம் வந்து, தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

"நைனா, நாட்டுக்கு ராஜா வேணுமா, வேணாமா?"

முதல் தடவை காதில் விழுந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பூந்தமல்லியிலிருந்து எங்களை மாதிரிப் பெண்கள் பதினாலு பேரை அள்ளிக்கொண்டு போக கம்பெனி ஒரு மெட்டடார் வேன் விட்டிருந்தது. அதன் டிரைவர் சேகர், ஏட்டின் கேள்விக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ராஜா வந்தா இன்னா, கூஜா வந்தா இன்னா சார். டைமாவுது, உடுங்க."

ஏட்டு முகம் மலர்ந்துவிட்டது. "போ நைனா" என்று வழிவிட்டார். நான் முன்சீட்டுக் கஸ்தூரிக்காவின் தோளைச் சுரண்டினேன். எங்கள் வேனுக்கு டிரைவர் சேகர் என்றாலும் அதிகாரம் கஸ்தூரிக்காவிடம்தான் இருந்தது.

"என்னக்கா இது, இந்த ஆளுக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா?"

"அடிப்போடி. அது கஞ்சா டெஸ்ட்டு."

கஸ்தூரிக்கா விளக்கினாள். குடித்தவனைப் பிடிப்பது சுலபம், வாயை ஊதச் சொன்னால் போதும். கஞ்சா அடித்தவனை எப்படிப் பிடிப்பது? லாரிக்குள் தலையை விட்டால் பீடி நாற்றம், டீசல் நாற்றம், சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி வேறு. இதில் எதை என்று மோப்பம் பிடிப்பார் பாவம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனால் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். ஏட்டு முதலில் கூட்டல் கணக்குக் கேட்டுப் பார்த்தாராம். யோக்கியமான டிரைவர்கள்கூட ஃபெயில். என்ன கிழமை என்று கேட்டாராம். கஞ்சா ஆசாமிகள் கிழமையோடு ராகுகாலமும் சேர்த்துச் சொன்னார்களாம்.

கடைசியில் வழி தானாக வந்து வாய்த்தது. கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை, பெண் உட்காருகிற ராஜா சேர்களை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்திருக்கிறது. சிவப்பு வெல்வெட், சிங்கத் தலை, எல்லாம். ஏட்டு சும்மா வேடிக்கைக்கு, "இன்னா நைனா, சிம்மாசனம்லாம் போவுது, ராஜா வர்றாரா? நாட்டுக்கு இன்னும் ராஜா வேணுமா?" என்று கேட்டுவிட்டார். டெம்போக்காரன் இன்ஜினை அணைத்தான். கீழே இறங்கினான். வெயிலில் நின்றபடி பேச ஆரம்பித்தவன், தாலி கட்டுகிற முகூர்த்தம் தாண்டியும் நிறுத்தவில்லை. சந்தேகப்பட்டு ஏட்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பொட்டலம். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று முதல் ஏட்டுக்கு ஒரே கேள்விதான். யோசித்துப் பார்த்தால் அதில் அபார நியாயம் இருந்தது. நிதானத்தில் இருப்பவனுக்கு லோடு, டயர், முதலாளி என்று ஆயிரம் கவலை, ராஜாவைப் பற்றி அவனுக்கென்ன? குடித்தவன் கெட்ட வார்த்தை சொல்லுவான். கஞ்சா அடித்தவன் ஒருவன்தான் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரி இன்ஜினை அணைப்பான்.

அவர்கள் சொன்ன பதில்களில் சில என் காதாலேயே கேட்டவை. ஒரு செங்கல் லாரிக்காரர் கண் கலங்கச் சொன்னார்: "ராஜா வேணும் சார். ஆனா அவுருக்கு ஞாயித்துக்கெழமை லீவு உடணும். பாவம் சார் அவுரு." இன்னொருவருக்கு வேறு சந்தேகம்: "ராஜா ஊட்ல திருடு பூந்தா அவுரு எந்த ஸ்டேஷனுக்கு சார் போவாரு? எல்லா ஸ்டேஷனும் அவுருதாச்சே."

ரோடு முழுக்க விஷயம் பரவி, "வேணாம் சார்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு பூடு" என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கொண்டார்கள். ஏட்டு அசரவில்லை. "வேணாம் சார்" என்றால் "சரி, போ" என்பார். வண்டி கியர் விழுந்து நாலடி நகரும். நிற்கும். ஜன்னலிலிருந்து தலை ஒன்று மெதுவாக வெளியே வரும்.

"ஆனா சார், ஒண்ணு யோசிச்சிப் பாத்தேன்..."

ஏட்டு கையை நீட்டுவார். சாவி வந்து உள்ளங்கையில் விழும்.

அதற்கப்புறம் கேஸ் கிடையாது, அடி கிடையாது. புளியமரத்தடியில் ஒரு நீளக் கல் பெஞ்ச். பக்கத்தில் மோர்ப்பானை வைத்துக்கொண்டு ஒரு அம்மா. ஆளை உட்காரவைத்து, உப்பும் இஞ்சியும் தூக்கலாகப் போட்ட மோரைக் கொடுப்பார். அவ்வப்போது வந்து அதே கேள்வியைக் கேட்பார். பதில் குட்டையாகிக்கொண்டே வரும். "அதெல்லாம் எனக்கு எதுக்கு சார், வண்டிய குடுங்க" என்று என்றைக்கு, எப்போது சொல்கிறானோ, அப்போது சாவி திரும்பும்.

இப்படி ஒரு நாள் எங்கள் வேன் அந்தப் புளியமரத்தைக் கடக்கும்போது கஸ்தூரிக்கா பின்னால் திரும்பி, "ஏண்டி, பெஞ்சில நடுவுல கீறது உங்க ஊட்டுக்காரர் இல்ல?" என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கண் சிவந்த ஆசாமிகள், நடுவில் என் புருஷன், கையில் மோர் டம்ளர், மடியில் டிபன் பாக்ஸ். பக்கத்தில் எங்கள் ஸ்கூட்டர். பாக்குகூடப் போடாத மனுஷன். ஆவடி ஃபேக்டரியில் யூனியன் கூட்டமென்றால் முதலில் மைக்கைப் பிடிப்பார், அது ஒன்றுதான் அவருடைய கெட்ட பழக்கம்.

நடந்தது என்னவென்றால், ஏட்டு கேட்டிருக்கிறார். இவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "நல்ல கேள்வி. இதை நாம் மூன்று கோணத்தில் பார்க்க வேண்டும்" என்று ஆரம்பித்திருக்கிறார். இரண்டாவது கோணத்தின் நடுவிலேயே சாவி போய்விட்டது. மோர் குடித்துவிட்டு மூன்றாவது கோணத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததால் மத்தியானம்வரை சாவி திரும்பவில்லை. சாயங்காலம் நான் தலையில் அடித்துக்கொண்டபோது அவருக்கு வெட்கமே இல்லை.

"நான் சொன்ன பாயிண்ட்ல ஒண்ணைக்கூட அவரால மறுக்க முடியல, தெரியுமா?"

அக்கம்பக்கத்தில் யாருக்கும் நான் ஒரு மாசம் முகம் காட்டவில்லை. அந்த ஏட்டை நான் சபிக்காத சாபம் பாக்கியில்லை. இந்தப் பைத்தியத்தை இங்கிருந்து தூக்கினால் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகுதான் சேகர் விவகாரம். ஒரு காலையில் வேன் ஊர்ந்தது. ரோட்டைத் தாண்டி எப்போதோ போய்விட்ட ஆட்டுக்காக சேகர் பிரேக் போட்டுக் காத்திருந்தான். "லேட் மார்க் உழப்போவுது சேகரு, நகரு" என்று கஸ்தூரிக்கா விரட்டினாள். கூட்டுரோட்டில் ஏட்டு வழக்கம்போல் கேட்டார். நாங்கள் கூஜா பதிலுக்குக் காத்திருந்தோம். சேகர் இன்ஜினை அணைத்தான்.

"சார், ராஜான்னா யாரு சார்? மொதல்ல அத்த சொல்லுங்க."

சாவி ஏட்டின் கைக்குப் போயிற்று, சேகர் பெஞ்சுக்குப் போனான். நாங்கள் ஏட்டைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டோம். கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள், பாதி நாள் போய்விடும், இந்தப் பிள்ளை ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், அவனைப் போய்க் கஞ்சா என்கிறீர்களே என்று ஆளுக்கு ஆள் கத்தினோம். அவர், "அவன பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

சேகர் பெஞ்சிலிருந்து எழுந்தான். நிதானமாக நடந்து வேனுக்கு வந்தான். இடதுபக்கக் கதவைத் திறந்து கஸ்தூரிக்காவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்து எங்களைக் கேட்டான்.

"இன்னாக்கா, டிரைவர் இன்னும் வர்லியா?"

அங்கிருந்து எஸ்டேட் போகிற வழியில் அயப்பாக்கம் ஏரிக்கரை. ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வேன் போகிற அகலம். கஸ்தூரிக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவளுக்கு வீட்டில் மூன்று குழந்தைகள். மோர்க்கார அம்மா எங்கள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தோம்.

ஆனால் கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் வேன் மத்தியானம் வந்தது என்பதுதான். மேனேஜர் புகார் எழுதினார். ஏற்கெனவே தக்காளி அழுகிப்போன லாரி முதலாளிகளும் எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் நேராகக் கூட்டுரோட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் வேன் அந்த ஜீப்புக்குப் பின்னால்தான் நின்றது.

"எந்தச் சட்டத்துலய்யா இருக்கு இந்தக் கேள்வி? உன்னை இன்னிக்கே மாத்துறேன் பாரு."

"சார், கேட்டா பலன் தெரியுது சார்."

"என்ன பலன்? எங்க, என்னைக் கேளு பார்ப்போம்."

ஏட்டு விறைப்பாக சல்யூட் வைத்தார். "சார், நாட்டுக்கு ராஜா வேணுமா, வேணாமா?"

இன்ஸ்பெக்டர் படித்தவர். "இதுல பார்த்தீங்கன்னா, ராஜா இருந்த காலத்துல ஒரு கட்டுப்பாடு இருந்தது" என்று ஆரம்பித்தார். கட்டுப்பாட்டிலிருந்து ஏரி, குளம், யானைப்படை என்று போய்க்கொண்டே இருந்தார். ஏட்டின் கை தன் பாட்டுக்கு நீண்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, வருஷக்கணக்கான பழக்கம். அதைவிடக் கொடுமை, ஜீப் டிரைவர் மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் முகம் கன்றிப்போயிற்று. சுற்றிலும் பார்த்தவர் எங்கள் வேனிடம் வந்தார். "ஏம்மா, உங்க வண்டியைத்தானே நிறுத்தினான்? நீங்களே சொல்லுங்க. இந்த ஏட்டு இங்க வேணுமா, வேணாமா?"

யாரும் வாயைத் திறக்கும் முன்னால் சேகர் இன்ஜினை அணைத்தான். ஐயோ, மறுபடியுமா என்று எனக்கு உயிர் போய்விட்டது. அவன் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேணும் சார். நான்தான் சார் அன்னிக்கு அடிச்சிருந்தேன். இவுரு சாவிய புடுங்கலன்னா இந்த பதினாலு பேரும் ஏரியில கீறாங்க சார். அதுலேந்து நான் தொடல. தெனமும் காத்தால எந்திரிச்சா இவுரு கேப்பாரேன்னு பயம் சார் எனக்கு. வேற எவனும் என்னிய கேக்கறதில்ல சார். என் பொண்டாட்டி கேட்டா அடிக்கப் போவேன். இவுரு கேட்டா..." என்று அவன் பேசிக்கொண்டே போனான். அவன் நிறுத்திய இடத்தில் கஸ்தூரிக்கா ஆரம்பித்தாள். அவளுக்கப்புறம் நாங்கள் எல்லோரும். தேங்காய் வேண்டிக்கொண்ட நானும்தான், என் புருஷனை மிஞ்சுகிற மாதிரி கோணம் கோணமாகப் பேசினேன். லேட் மார்க்கைப் பற்றி ஒருத்திக்கும் ஞாபகமில்லை.

ஏட்டு எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சேகரிடம் கையை நீட்டினார்.

"பதிலு ரொம்ப நீளமா கீதே நைனா. சாவியக் குடு. எல்லாரும் எறங்குங்கம்மா, மோர் சாப்ட்டுப் போலாம். நீங்களும் வாங்க சார்."

இன்ஸ்பெக்டரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார். மாற்றல் வரவில்லை. ஏட்டு ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே கூட்டுரோடு, அதே கேள்விதான். இப்போது அங்கே சிக்னல் விளக்கு இருக்கிறது, அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அவரைப் பற்றி நாலு வரி போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு நீளம் போய்விட்டது பாருங்கள். எங்கிருந்தாவது இதைப் படித்தால் கையை நீட்டுவார். பேனாவைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன்.