பல்பூச்சியார் பெண் பார்த்த கதை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அந்நாளில் போலீசுக்குப் பயந்து வாயை மூடியவர்களைவிடப் பல்பூச்சியாருக்குப் பயந்து மூடியவர்கள்தான் அதிகம்.

அவர் காலேஜில் சயின்ஸ் டிமான்ஸ்ட்ரேட்டர். திருக்கோகர்ணத்தில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். எதிரே வருகிறவர் "சௌக்கியமா?" என்று வாயைத் திறந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சி வெளியே வந்துவிடும். "கொஞ்சம் ஆ காட்டுங்க!" பல்லிடுக்கில் ஒரு சுரண்டல். அந்த அழுக்கை, கடல்பாசி காய்ச்சி உறைய வைத்த கண்ணாடித் தட்டில் தடவுவார். அதன் மேல் ஆலம்பட்டை, வேலம்பட்டை, வேம்பு, கொய்யா இலை என்று ஒவ்வொன்றின் சாற்றிலும் ஒரு சொட்டு. இரண்டொரு நாளில் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூச்சி, அதாவது பல் கிருமி, படரும். எந்தச் சொட்டைச் சுற்றிப் பூச்சி அண்டாமல் வட்டம் விழுகிறதோ, அந்தச் சாறு பாஸ்!

"ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு பெரியவுக சொல்லியாச்சு. அப்புறம் என்னய்யா சோதனை?" என்று கேட்டேன்.

"பெரியவுக சொன்னாங்க, சரி. பூச்சி ஒத்துக்கணுமில்ல?"

ஊரில் பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள். மீதிப்பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினார்கள். புதிதாக வந்த ஓர் உத்தியோகஸ்தர், அதெல்லாம் தமக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனார்.

இந்தப் பாழாய்ப்போன குச்சியால் மனிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்த்தால் எவன் பெண் கொடுப்பான்? வயது முப்பத்தைந்தைத் தாண்டி, அவர் தலையிலேயே ஒரு வட்டம் விழத் தொடங்கியிருந்தது. ஆலங்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, "இதுவும் போச்சுன்னா நான் தனிக்கட்டைதான்யா" என்று நிஜமாகவே கண் கலங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பல்லைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய அந்நாளைய கரிப் பஸ்ஸில் இருமிக்கொண்டே கூட்டிப் போனேன்.

கேசரி வந்தது. சாதுவாகத் தின்றார். பெண் வந்து கும்பிட்டாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று நான் நிமிர்வதற்குள் பெண்ணின் தகப்பனார் காரியத்தைக் கெடுத்தார்.

"எங்க பொண்ணு ஆலங்குச்சியைத் தவிர வேற எதுலயும் பல்லு வெளக்காதுங்க."

சத்தியமாவது, மண்ணாவது! குச்சி வெளியே வந்துவிட்டது. "அப்படியாங்க? கொஞ்சம் ஆ காட்டச் சொல்லுங்க!"

"பல்லைப் புடிச்சுப் பாக்க என் பொண்ணு என்ன மாட்டுச் சந்தையிலயா நிக்கிது? எந்திரிங்கய்யா!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் தகப்பனார். நான் செருப்பைத் தேடினேன்.

"இருங்கப்பா, நான் காட்டுறேன்" என்றாள் பெண். "அவுக தட்டுல பூச்சி வளக்கிற கதை எனக்கும் எட்டியிருக்கு. ஆனா மொதல்ல அவுக காட்டணும். ரெண்டு பேரோடதையும் வளத்துப் பாக்கட்டும். யாருக்குப் பூச்சி கம்மியோ, அவுக சொல்றதுதான் வீட்டுல நடக்கும். சம்மதமான்னு கேளுங்க."

பல்பூச்சியார் கையிலிருந்த குச்சியைத் தம் வாய்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஊர் வாயையெல்லாம் சுரண்டிய மனிதர், தன் வாயை ஒருநாளும் சுரண்டியதில்லை!

வேறு வழியில்லாமல் சம்மதித்து, இரண்டு பேர் பல்லழுக்கையும் எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பித் தட்டுகளில் தடவி வைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அவள் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூச்சி இருந்தது. இவர் தட்டிலோ தேர்த் திருவிழாக் கூட்டம். "தட்டை மாத்திச் சொல்லிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"பூச்சிக்குத் தெரியுமேய்யா!" என்று பதறினார்.

இரண்டு தட்டையும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஆலங்குடிக்குப் போய், தாம் தோற்றதைத் தாமே காட்டினார். தகப்பனாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "பொய் சொல்லத் தெரியாத மனுசன். இவுகளே போதும்ப்பா" என்றாளாம்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அத்தனையும் பூச்சி மொய்த்த பல். அவ்வளவு அழகான சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.